தரங்கம்பாடி வழிவந்த தமிழ்க் கீர்த்தனை: தஞ்சை வேதநாயக சாஸ்திரியார்

ஐரோப்பிய செவ்வியல் இசை வரலாற்றில் டென்மார்க் தன்னவராகக் கொண்டாடும் மேதை டீட்ரிக் புக்ஸ்டஹூட ஆவார். ஜேர்மனியின் லூபெக் நகர ஆலயத்தில் 1668 முதல் 1707 இல் மறையும் வரை ஓர்கன் வாசித்து, வழிபாட்டுக்கெனப் பல பாடல்களையும் இயற்றினார். இளம் பாஹ் அவரது வாசிப்பைக் கேட்பதற்காக 1705 இல் நெடுந்தூரம் நடந்து சென்றார் என்பர்.

அவர் மறைவதற்கு ஓராண்டின் முன்னர், 1706 ஜூலையில், டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக் அனுப்பிய சீகன்பால்கும் புளுட்சௌவும் தரங்கம்பாடியில் கரையிறங்கினர். லூத்தரன் திருச்சபையின் ஞானப்பாட்டு மரபு அவர்களுடன் தமிழகம் வந்தது. தரங்கம்பாடி டேனியர் வசமான கதையில் இலங்கைக்கும் ஒரு பங்குண்டு. 1620 இல் ஓவே கெட்டே தலைமையில் வந்த டேனியக் கப்பல்கள் முதலில் நாடியது ஊவாவையும் உள்ளடக்கியிருந்த கண்டி இராச்சியத்தையே. மன்னர் செனரத்துடனான பேச்சு பயன்தராமற் போகவே, அதே ஆண்டில் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்து தரங்கம்பாடியைப் பெற்றனர்.

சீகன்பால்கு காலத்துத் தமிழ் ஞானப்பாட்டுகளில் சொல் தமிழாக இருந்தது. மெட்டு ஜேர்மனியுடையதாக இருந்தது. இந்நிலையை மாற்றிய முதன்மையான பாவலர் வேதநாயக சாஸ்திரியார் ஆவார். 1774 செப்டெம்பர் 7 ஆம் திகதி திருநெல்வேலியில் பிறந்த இவரை, டேனிய மிஷனரியாகத் தமிழகம் வந்த சுவார்ட்ஸ் ஐயர் சிறுவயதிலேயே தஞ்சைக்கு அழைத்துச் சென்று கல்வி புகட்டினார். தரங்கம்பாடியிலும் இவர் பயின்றார். பின்னர் தஞ்சை மன்னரான இரண்டாம் சரபோஜியும் சுவார்ட்ஸின் மாணவரே. அந்த நட்பு அரசவையின் ஆதரவாகவும் பிற்காலத்தில் கனிந்தது. தியாகராஜரும் முத்துசுவாமி தீட்சிதரும் வாழ்ந்த அதே காலத்தில், அதே காவிரி மண்ணில் இவர் கீர்த்தனைகளை இயற்றினார்.

பெத்லகேம் குறவஞ்சி, ஞானத் தச்ச நாடகம், ஞான நொண்டி நாடகம், ஞான ஏற்றப்பாட்டு, சாஸ்திரக் கும்மி, ஜெபமாலை என்பன இவரது நூல்களுட் சில. இப்பெயர்களே இவரது வழியைக் காட்டுகின்றன. கர்நாடக இராகங்களோடு, ஏற்றம் இறைப்பவனின் பாட்டையும் பெண்களின் கும்மியையும் இவர் கையாண்டார். இவ்வழி இவருக்கு மட்டும் உரியதன்று. தக்கலை பீர் முகம்மது அப்பா இவருக்கு முன்னரே ஞானக் குறவஞ்சி பாடினார். வள்ளல் சீதக்காதியைப் போற்றும் நொண்டி நாடகமும் உண்டு. சமயம் வேறாயினும் பாட்டின் உருவம் பொதுச் சொத்தாகவே இருந்திருக்கிறது.

சாஸ்திரியாரின் வாழ்வில் ஒரு கறையும் உண்டு. பின்னர் வந்த ஆங்கில ஆதரவு மிஷனரிமார் வேதாகமத் தமிழை மாற்ற முயன்றபோதும், தமிழ்க் கீர்த்தனையை வழிபாட்டிலிருந்து விலக்க முனைந்தபோதும் அவர் எதிர்த்து எழுதினார். அது தமிழுக்குச் செய்த தொண்டு. ஆனால் ஆலயத்தில் சாதி வேறுபாட்டை ஒழிக்க அதே மிஷனரிமார் முற்பட்டபோதும் அவர் எதிர்த்தே நின்றார். இசையில் ஏற்றக்காரனின் மெட்டை ஏற்றவர், இருக்கையில் அவனைச் சமமாக ஏற்கவில்லை என்பது வருந்தத்தக்கது.

1864 ஜனவரி 24 ஆம் திகதி அவர் காலமானார். அவரது இறுதிக் காலத்திலேயே தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டைப் பகுதிகளின் உழைக்கும் மக்கள் கண்டிச் சீமைக் கோப்பித் தோட்டங்களுக்குப் புறப்பட்டனர். கும்மியையும் ஒப்பாரியையும் தாலாட்டையும் காமன் கூத்தையும் அவர்கள் உடன் கொண்டுவந்தனர். கொஸ்லந்தை, ஹல்துமுல்லை, பதுளை லயங்களில் பாடப்பட்டவை அந்த ஊற்றிலிருந்து பெருகியவையே.

சாஸ்திரியாரின் பாடல்கள் இன்றும் கிடைப்பதற்குக் காரணம், அவை எழுதப்பட்டதும் அவரது வழித்தோன்றல்கள் அவற்றைப் பேணியதுமாகும். தோட்டத்துப் பாட்டுக்கு அந்த வாய்ப்பு அரிதாகவே கிட்டியது. சி.வி.வேலுப்பிள்ளை (1914-1984) தொகுத்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' அவ்வகையில் ஒரு முன்னோடி நூல். ஆயினும் மெட்டை ஏட்டில் முழுமையாகப் பதிக்க இயலாது.

2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. ஒரு தோட்டம் அழியும்போது வீடுகள் மட்டும் அழிவதில்லை. அங்கு வாழ்ந்தோர் நெஞ்சில் வைத்திருந்த பாட்டும் அவர்களோடு போய்விடுகிறது. இன்று ஒலிப்பதிவு செய்யப் பெரும் செலவு எதுவும் இல்லை. கையிலுள்ள தொலைபேசியே போதும். தோட்டப் பாடசாலை ஆசிரியர்களும் மாணவர்களும் முதியோரை நாடி, பாட்டையும், பாடியவர் பெயரையும், தோட்டத்தையும், திகதியையும் பதிந்து வைத்தல் வேண்டும். தஞ்சை அரசவைப் பாவலருக்குக் கிடைத்த அந்தப் பேணல், கொழுந்து பறித்துக்கொண்டே பாட்டுக் கட்டிய பெண்ணுக்கும் உரியதே.