நெய்வேலி (பயணத் தகவல்கள்)

நெய்வேலி தமிழ்நாட்டின் கடலூர் மாவட்டத்தில், சென்னைக்குத் தெற்கே சுமார் 200 கி.மீ. தொலைவில் அமைந்துள்ள ஒரு தொழில் நகரமாகும். இது பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் அவற்றை ஒட்டிய அனல் மின் நிலையங்களுக்கும் பெயர் பெற்றது. நகரின் சாலைகள், குடியிருப்புகள், குடிநீர், மருத்துவமனை ஆகியவற்றை இந்திய நடுவண் அரசின் பொதுத்துறை நிறுவனமான என்.எல்.சி. இந்தியா நிறுவனம் பராமரிக்கிறது. நகரமே ஒரு நிறுவனத்தின் வளாகமாக இருப்பதால், எங்கே இறங்குவது, எங்கே தங்குவது, எதைப் பார்க்க அனுமதி பெற வேண்டும் என்பவற்றை இங்கு வருவோர் முன்கூட்டியே அறிந்திருப்பது பயனுள்ளதாகும்.

பெயரும் பகுதிகளும்

நெய்வேலி என்ற ஒரே பெயரால் மூன்று வெவ்வேறு பகுதிகள் குறிக்கப்படுகின்றன. வெளியூர்ப் பயணிகளுக்கு ஏற்படும் குழப்பங்களுள் பெரும்பாலானவை இதனால் விளைபவையே.

* நகரியம்: நிறுவன ஊழியர்களுக்காகத் திட்டமிட்டுக் கட்டப்பட்ட குடியிருப்பு நகரம். பேச்சு வழக்கில் "டவுன்ஷிப்" எனப்படுகிறது.
* தொழிற்பகுதி: சுரங்கங்களும் மின் நிலையங்களும் அடங்கிய பகுதி. இங்கு பொதுமக்கள் நுழைய முடியாது.
* சுற்றுப்புற ஊர்கள்: மந்தாரக்குப்பம், இந்திரா நகர், வடக்குத்து முதலியவை. இவை நிறுவனத்தின் நகர நிர்வாகத்தைச் சேர்ந்தவை அல்ல. தனியார் கடைகளும் விடுதிகளும் பெரும்பாலும் இங்கேயே உள்ளன.

வரலாறு

1930களில் ஜம்புலிங்க முதலியார் என்ற நிலக்கிழார் தம் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு அமைத்தபோது நீருடன் கரிய பொருள் வெளிவந்ததைக் கண்டார். அதுவே பழுப்பு நிலக்கரி என்பது பின்னர் உறுதியாயிற்று. 1956 நவம்பரில் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில், 1957 மே 20 அன்று அன்றைய தலைமை அமைச்சர் சவகர்லால் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961-இல் நிலக்கரிப் படுகை எட்டப்பட்டது. 1962-இல் சோவியத் ஒன்றியத்தின் உதவியுடன் அமைந்த முதல் அனல் மின் நிலையம் மின்னுற்பத்தியைத் தொடங்கியது. 600 மெகாவாட் திறன் கொண்டிருந்த இந்நிலையம் 2020-இல் மூடப்பட்டது.

உர ஆலையும், "லெக்கோ" என்ற பெயரில் வீட்டு அடுப்புகளுக்கான கரிக்கட்டிகளைத் தயாரித்த ஆலையும் முன்பு இங்கு இயங்கி வந்தன. இவை இரண்டும் பிற்காலத்தில் மூடப்பட்டன. 2016-இல் நிறுவனத்தின் பெயர் என்.எல்.சி. இந்தியா என மாற்றப்பட்டது.

நெய்வேலியில் தற்போதுள்ள அனல் மின் நிலையங்களின் நிறுவு திறன் பின்வருமாறு:

* இரண்டாம் அனல் மின் நிலையம் – 1470 மெகாவாட்
* முதல் அனல் மின் நிலைய விரிவாக்கம் – 420 மெகாவாட்
* இரண்டாம் அனல் மின் நிலைய விரிவாக்கம் – 500 மெகாவாட்
* புதிய நெய்வேலி அனல் மின் நிலையம் – 1000 மெகாவாட்

சுரங்கம் இயங்கும் முறை

பழுப்பு நிலக்கரியின் எடையில் ஏறத்தாழ பாதி ஈரமாகும். அதனை வெகு தொலைவுக்குக் கொண்டு செல்வது நீரைச் சுமந்து செல்வதற்கு ஒப்பானது. எனவே, நிலக்கரியை வெட்டிய இடத்திலேயே எரித்து மின்சாரமாக்கி அனுப்புகின்றனர். சுரங்கமும் மின் நிலையமும் குடியிருப்பும் அருகருகே அமைந்ததற்கு இதுவே காரணமாகும்.

இங்குள்ளவை திறந்தவெளிச் சுரங்கங்கள். பயணிகள் பலர் எதிர்பார்ப்பது போல் நிலத்தடிக் குகைப் பாதைகள் எவையும் இங்கு இல்லை. சக்கரத்தின் விளிம்பில் வாளிகள் பொருத்தப்பட்ட மிகப் பெரிய இயந்திரங்கள் மேல்மண்ணைப் படிப்படியாக வெட்டுகின்றன. வெட்டிய மண் ஓடுபட்டைகளின் வழியே சென்று, நிலக்கரி எடுத்து முடிந்த பள்ளங்களில் கொட்டப்படுகிறது. நிலக்கரிப் படுகைக்குக் கீழே மிகுந்த அழுத்தத்துடன் நிலத்தடி நீர் உள்ளது. அதனை இடைவிடாது இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையைப் பிளந்து கொண்டு நீர் மேலெழும். இவ்வாறு வெளியேற்றப்படும் நீர் வாலாஜா ஏரி போன்ற நீர்நிலைகளைச் சென்றடைந்து பாசனத்திற்குப் பயன்படுகிறது. வறட்சிக் காலங்களில் சென்னையின் குடிநீருக்கும் பயன்பட்டுள்ளது. அதே வேளையில், இத்தகைய நீரிறைப்பால் தங்கள் கிணறுகளின் நீர்மட்டம் தாழ்ந்துவிட்டது என்பது சுற்றுவட்டார உழவர்களின் நெடுநாள் முறையீடாகும்.

நகர அமைப்பு

நகரியம் எண்ணிட்ட வட்டங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. இவை பேச்சில் "பிளாக்" எனப்படுகின்றன. அகன்ற சாலைகளும் இருபுறமும் மரங்களும் தோட்டத்துடன் கூடிய வீடுகளும் இதன் சிறப்பியல்புகளாகும். ஒருவரது வீட்டைத் தேடிச் செல்வோர் வட்ட எண், தெருப் பெயர், வீட்டு எண் ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். வட்டங்களும் வீடுகளும் ஒன்றுபோலவே தோன்றுவதால், வட்ட எண் தெரியாமல் பெயரை மட்டும் சொல்லி வழி கேட்பது பயன் தராது.

நகரியத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட நகராட்சி இல்லை. 2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கு ஒரு லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட மக்கள் வசித்தனர். இது 2001-ஆம் ஆண்டின் எண்ணிக்கையை விடக் குறைவாகும். ஊழியர்கள் பணி ஓய்வு பெற்றதும் நிறுவனத்தின் வீட்டைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும். இதனால் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கும் பிற்காலத்தில் சொந்த ஊரில் வீடு இருப்பதில்லை. ஓய்வு பெற்றோர் பலர் இந்திரா நகர், வடலூர் முதலிய அருகிலுள்ள ஊர்களில் குடியேறுகின்றனர்.

செல்லும் வழி

சாலை வழி

சென்னையில் இருந்து விக்கிரவாண்டி, பண்ருட்டி வழியாகக் கும்பகோணம், தஞ்சாவூர் செல்லும் தேசிய நெடுஞ்சாலை நெய்வேலியைத் தொட்டுச் செல்கிறது. இச்சாலையில் நகரியத்தின் நுழைவாயில் "ஆர்ச் கேட்" என அழைக்கப்படுகிறது. தொலைதூரப் பேருந்துகள் பலவும் நகரியத்திற்குள் செல்லாமல் ஆர்ச் கேட்டில் மட்டுமே நின்று செல்லும். எனவே பேருந்தில் ஏறும்போதே அது நகரியப் பேருந்து நிலையத்திற்குச் செல்லுமா என நடத்துநரிடம் கேட்டறிவது நல்லது.

சென்னையில் இருந்து வருவோர் 2023 திசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தில் பேருந்து ஏறலாம். கடலூர்–விருத்தாச்சலம் சாலையில் செல்லும் பேருந்துகள் மந்தாரக்குப்பம் வழியாகச் செல்கின்றன. மந்தாரக்குப்பமும் ஆர்ச் கேட்டும் வெவ்வேறு சாலைகளில் உள்ளவை. ஒன்றில் இறங்க வேண்டியவர் மற்றொன்றில் இறங்கினால் மீண்டும் வாகனம் பிடிக்க நேரும்.

தொடர்வண்டி வழி

நெய்வேலி தொடர்வண்டி நிலையம் கடலூர்–விருத்தாச்சலம் பாதையில் உள்ளது. இது குடியிருப்புப் பகுதியில் இருந்து விலகி அமைந்துள்ளது. இங்கு நிற்கும் வண்டிகளும் குறைவு. சென்னை–திருச்சிராப்பள்ளி முதன்மைப் பாதையில் உள்ள விருத்தாச்சலம் சந்திப்பில் இறங்கி, அங்கிருந்து சுமார் 25 கி.மீ. தொலைவைப் பேருந்தில் கடப்பது பெரும்பாலோருக்கு எளிதான வழியாகும்.

வான் வழி

வெளிமாநிலங்களில் இருந்தும் வெளிநாடுகளில் இருந்தும் வருவோருக்குச் சென்னை, திருச்சிராப்பள்ளி ஆகிய நகரங்களின் வானூர்தி நிலையங்கள் ஏற்றவை.

உள்ளூர்ப் போக்குவரத்து

நகரியத்தினுள் நகரப் பேருந்துகளும் தானிகளும் (ஆட்டோ) உள்ளன. வட்டங்களுக்கிடையே தொலைவு அதிகமாகையால் வெயில் நேரத்தில் நடந்து செல்வது கடினம். தானியில் ஏறுமுன் கட்டணத்தைப் பேசிக்கொள்வது நல்லது. சுரங்கங்களும் மின் நிலையங்களும் மூன்று பணிமுறைகளில் இயங்குகின்றன. பணிமுறை மாறும் நேரங்களில் தொழிற்பகுதிச் சாலைகளில் நெரிசல் மிகும். நிலக்கரிச் சாம்பலும் மண்ணும் ஏற்றிய சரக்குந்துகள் செல்லும் புறச்சாலைகளில் இரு சக்கர வாகனத்தில் செல்வோர் கவனமாக இருக்க வேண்டும்.

காலநிலை

ஏப்ரல் முதல் சூன் வரை வெப்பம் மிகுதி. அக்டோபர் முதல் திசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலமாகும். வங்கக் கடலில் தோன்றும் புயல்கள் இம்மாவட்டத்தைத் தாக்குவதுண்டு. 2011 திசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயல் மாவட்டம் முழுவதும் பலா, முந்திரி மரங்களைப் பெருமளவில் சாய்த்தது. சனவரி முதல் மார்ச் வரையிலான மாதங்கள் பயணத்திற்கு உகந்தவை.

தங்குமிடமும் மருத்துவமும்

நிறுவனத்தின் விருந்தினர் இல்லங்கள் அலுவல் தொடர்பாக வருவோருக்கே முதன்மையாக ஒதுக்கப்படுகின்றன. ஏனையோர் நகரியத்திற்கு வெளியே உள்ள விடுதிகளில் தங்கலாம். குடும்பத்துடன் வருவோருக்குக் கடலூர், சிதம்பரம், புதுச்சேரி ஆகிய இடங்களில் கூடுதல் வசதிகள் உண்டு. நகரியத்தில் உள்ள நிறுவன மருத்துவமனை முதன்மையாக ஊழியர்களுக்கானது. அவசர ஊர்திக்கு 108 என்ற எண்ணை அழைக்கலாம்.

பார்க்க வேண்டிய இடங்கள்

* நடராசர் கோயில்: நகரியத்தினுள் அமைந்த இக்கோயிலில் மிகப் பெரிய ஐம்பொன் நடராசர் சிலை உள்ளது. அடியார்கள் தங்கள் குறைகளைத் தாளில் எழுதி இறைவன் முன் வைக்கும் வழக்கம் இங்கு உண்டு.
* வில்லுடையான்பட்டு முருகன் கோயில்: நகரம் உருவாகுமுன்பே இருந்த பழமையான கோயில். இங்கு முருகன் கையில் வில்லுடன் காட்சி தருகிறார். பங்குனி உத்திரத்தன்று காவடிகளுடன் பெருந்திரளாக மக்கள் கூடுவர். அன்று சாலைகளில் போக்குவரத்து மாற்றி அமைக்கப்படும்.
* புத்தகக் கண்காட்சி: 1990களின் இறுதியில் தொடங்கி, சூன்–சூலை மாதங்களில் நடத்தப்பட்டு வருவது. சென்னைக்கு வெளியே தமிழ்நாட்டில் நடைபெறும் பெயர் பெற்ற புத்தகக் கண்காட்சிகளுள் ஒன்று. ஆண்டுதோறும் நாட்கள் மாறுவதால் அறிவிப்பைப் பார்த்துப் பயணத்தை வகுக்க வேண்டும்.

சுரங்கத்தைப் பார்வையிடல்

சுரங்கங்களும் மின் நிலையங்களும் மத்திய தொழில் பாதுகாப்புப் படையின் காவலில் உள்ளன. முன் அனுமதியின்றி உள்ளே செல்லவோ படம் எடுக்கவோ இயலாது. பொறியியல், நிலவியல் மாணவர்கள் தங்கள் கல்லூரியின் வழியாக முன்னதாகவே எழுத்து மூலம் விண்ணப்பிப்பதே முறையாகும். அனுமதி பெற்றுச் செல்வோர் மூடிய காலணி அணிந்து, அடையாள அட்டையுடன் செல்ல வேண்டும். வழிகாட்டியை விட்டு விலகிச் செல்லலாகாது. 2020 மே, சூலை மாதங்களில் இரண்டாம் அனல் மின் நிலையத்தில் நிகழ்ந்த கொதிகலன் விபத்துகளில் தொழிலாளர்கள் பலர் உயிரிழந்தனர். அங்குள்ள கட்டுப்பாடுகள் வெறும் சடங்கல்ல என்பதை இது உணர்த்தும்.

நிலமும் மக்களும்

சுரங்கம் விரிவடையும் தோறும் அதன் பாதையில் உள்ள ஊர்கள் இடம்பெயர நேர்கிறது. நிலம் கொடுத்தோருக்கு உரிய இழப்பீடும் நிலையான வேலையும் வேண்டும் என்ற கோரிக்கையும், ஒப்பந்தத் தொழிலாளர்களைப் பணிநிரந்தரம் செய்ய வேண்டும் என்ற கோரிக்கையும் பல பத்தாண்டுகளாக நீடிக்கின்றன. 2023 சூலையில் வளையமாதேவி என்ற ஊரில் கால்வாய் வெட்டுவதற்காக, பயிர் நின்ற வயல்களில் இயந்திரங்கள் இறக்கப்பட்டன. இதனை எதிர்த்து நெய்வேலியில் நடந்த போராட்டம் வன்முறையில் முடிந்தது. இத்தகைய நாட்களில் பேருந்துகள் நிறுத்தப்படுவதுண்டு என்பதால், பயணிகள் புறப்படும் முன் செய்திகளைக் கவனிப்பது நல்லது. நகரியத்தின் மரநிழலை மட்டும் கண்டு திரும்புவோர் நெய்வேலியின் பாதியையே காண்கின்றனர். சுற்றியுள்ள ஊர்களின் வழியே ஒருமுறை சென்றால் மறுபாதியும் விளங்கும்.

அருகில் உள்ள இடங்கள்

* வடலூர் (சுமார் 10 கி.மீ.): வள்ளலார் 1867-இல் நிறுவிய தருமச்சாலையும், 1872-இல் நிறுவிய சத்திய ஞான சபையும் இங்குள்ளன. தைப்பூசத்தன்று சோதி வழிபாடு நடைபெறும். தருமச்சாலையில் வருவோர்க்கெல்லாம் உணவு வழங்கப்படுகிறது.
* பண்ருட்டி (20 கி.மீ.க்குச் சற்று அதிகம்): பலாவிற்கும் முந்திரிக்கும் பெயர் பெற்ற ஊர். கோடையில் சாலையோரங்களில் பலாப்பழம் குவிந்திருக்கும். அருகில் திருவதிகை வீரட்டானேசுவரர் கோயில் உள்ளது.
* விருத்தாச்சலம் (சுமார் 25 கி.மீ.): பழமலைநாதர் கோயில்.
* சிதம்பரம் (சுமார் 45 கி.மீ.): தில்லை நடராசர் கோயில். அங்கிருந்து பிச்சாவரம் சதுப்புநிலக் காட்டிற்கும் செல்லலாம்.

ஒரு நாள் மட்டுமே உள்ளவர்கள் காலையில் நகரியத்தின் கோயில்களைப் பார்த்துவிட்டு, நண்பகலில் வடலூரையும் மாலையில் சிதம்பரத்தையும் அடையலாம். இவற்றுள் வடலூர், தஞ்சாவூர் நெடுஞ்சாலையிலேயே அமைந்துள்ளது.