கப்பல் ஏற்றி அனுப்பியது யார்?

திண்டுக்கல் மாவட்டத்தில் கீழ்ப்பழனி மலையில் இருக்கிறது ஆடலூர். காப்பி, மிளகு, மலைவாழை என்று தோட்டத்தை நம்பி வாழும் ஊர். இப்படிப்பட்ட ஊரில் ஒரு மாணவன் "வெளிநாட்டில் மேற்படிப்பு" என்று பேச்சை எடுத்தால், வீட்டில் எழும் முதல் கேள்வி எந்தப் பல்கலைக்கழகம் என்பதல்ல. "பணத்துக்கு என்ன வழி?" என்பதுதான்!

இந்தக் கேள்வி புதிதல்ல. நூறு வருடங்களுக்கு முன்பு கடல் கடந்து படிக்கப் போனவர்களும் இதே கேள்வியைத் தாண்டித்தான் போனார்கள். அவர்களின் புத்திசாலித்தனத்தைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். அவர்களுக்குப் பணம் கொடுத்தது யார், கொடுத்தவர் பதிலுக்கு என்ன கேட்டார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அந்தக் கணக்கைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம்.

பழனி மலையின் இரண்டு கதைகள்

ஆடலூர் இருக்கும் அதே மலைத்தொடரின் மேல்பகுதியில் கொடைக்கானல். அங்கே 1901-ல் அமெரிக்க மிஷனரிகளின் பிள்ளைகளுக்காக ஹைக்ளெர்க் என்ற பள்ளி தொடங்கப்பட்டது. இன்றைய கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூலின் ஆரம்பம் அதுதான். அந்தப் பிள்ளைகளுக்கு அமெரிக்காவில் போய்ப் படிப்பது என்பது வீடு திரும்புவது. அதே மலையில் காப்பிப் பழம் பறித்தவர்களின் பிள்ளைகளுக்கோ அமெரிக்கா என்பது வேறு உலகம்.

அந்தப் பள்ளிக்குச் சற்று முன்பே, 1899-ல், கொடைக்கானலில் சூரிய ஆய்வுக்கூடம் நிறுவப்பட்டது. 1960-ல் அதன் இயக்குநராக வந்தவர் வைணு பாப்பு. 1927-ல் சென்னையில் பிறந்து ஹைதராபாத்தில் வளர்ந்தவர். ஹைதராபாத் அரசின் உதவித்தொகையில் 1949-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குப் போனார். போன சில மாதங்களிலேயே ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். பாப்பு-பாக்-நியூகிர்க் என்று இன்றும் அதில் அவர் பெயர் இருக்கிறது. 1952-ல் முனைவர் பட்டம், பிறகு கலிபோர்னியாவின் பெரிய தொலைநோக்கிகளில் ஆய்வு. அங்கேயே இருந்திருக்கலாம். ஆனால் 1953-ல் இந்தியா திரும்பிவிட்டார்.

பாப்புவைப் பற்றிக் கடைசியில் மறுபடி பார்ப்போம். அதற்கு முன்பு அவருக்கும் முந்தைய தலைமுறை எப்படிப் போனது என்று பார்த்துவிடலாம்.

250 பவுண்டும் ஒரு கடிதமும்

1914 மார்ச் 17. சென்னைத் துறைமுகத்திலிருந்து 'நெவாசா' என்ற கப்பலில் ராமானுஜன் இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். கல்லூரித் தேர்வில் தோற்றுப் பட்டமே வாங்காதவர் அவர். இருந்தும் சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு உதவித்தொகை கொடுத்தது. கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரி 60 பவுண்டு கொடுத்தது. சென்னை கொடுத்த 250-ல் 50 பவுண்டு இங்கே இருந்த அவருடைய குடும்பத்துக்குப் போனது. சம்பாதிக்கும் பிள்ளை கப்பல் ஏறிவிட்டால் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே! போகிறவனின் செலவு மட்டும் செலவல்ல, அவன் விட்டுப் போகும் வீட்டின் செலவும் செலவுதான் என்பதை அந்த ஏற்பாடு ஒப்புக்கொண்டது.

1919 ஜனவரியில், ஊர் திரும்புவதற்கு முன்பு, ராமானுஜன் பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். தனக்குத் தருவதாகச் சொன்ன தொகையில் தேவைக்கு மேல் மிஞ்சுவதை ஏழைப் பிள்ளைகள், அனாதைகள் ஆகியோரின் பள்ளிக் கட்டணத்துக்கும் புத்தகங்களுக்கும் கொடுக்கச் சொன்னார். யாரும் கேட்காமல் அவராகச் செய்த காரியம் இது.

பத்திரத்தில் எழுதாதது

ராமானுஜனுக்கு ஒரு வருடம் முன்பு, 1913-ல், பரோடா மன்னர் சாயாஜிராவின் உதவித்தொகையில் அம்பேத்கர் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். மாதம் பதினொன்றரை பவுண்டு, மூன்று வருடங்கள். பதிலுக்கு, படித்து முடித்தபின் பரோடா அரசில் 10 வருடம் வேலை செய்ய வேண்டும் என்பது ஒப்பந்தம்.

அம்பேத்கர் அந்த ஒப்பந்தப்படியே 1917-ல் பரோடாவுக்கு வேலைக்குப் போனார். ஆனால் தீண்டாமையால் அந்த ஊரில் அவருக்குத் தங்க ஓர் இடம் கிடைக்கவில்லை. அலுவலகத்திலும் அவமதிப்பு. வேலையை விட்டுவிட்டு வெளியேறினார். உதவித்தொகை வாங்கியவர் என்ன செய்ய வேண்டும் என்று ஒப்பந்தம் சொன்னது. திரும்பி வருகிறவரை ஊர் எப்படி நடத்த வேண்டும் என்று அதில் ஒரு வரியும் இல்லை. பாதியில் விட்ட லண்டன் படிப்பை முடிக்க 1920-ல் அவர் மறுபடி கப்பல் ஏறினார். இந்த முறை கைக்காசு, கோலாப்பூர் மன்னர் ஷாஹுவின் உதவி, நண்பர் ஒருவரிடம் வாங்கிய கடன்.

பெண்களுக்கு இந்தக் கதவு இன்னும் குறுகலானது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆசியப் பெண்களுக்கென்றே 1917-ல் பார்பர் உதவித்தொகை ஏற்படுத்தப்பட்டது. சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியையாக இருந்த ஜானகி அம்மாள் அதில்தான் 1920-களில் மிச்சிகன் போனார். 1931-ல் அங்கே தாவரவியலில் முனைவர் பட்டம் பெற்றார். பின்னாளில் கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை செய்தவரும் இவர்தான்.

தானம் கடனானது

இவர்கள் எல்லோருக்கும் பின்னால் ஒரு மன்னரோ, பல்கலைக்கழகமோ, அறக்கட்டளையோ இருந்தது. ஒரு தலைமுறைக்கு ஒரு சிலருக்குத்தான் அது போதும். சுதந்திரத்துக்குப் பிறகு அரசு இதைக் கொஞ்சம் விரிவாக்கியது. தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர்களுக்கான தேசிய வெளிநாட்டு உதவித்தொகை 1954-55-ல் தொடங்கியது. காமன்வெல்த் உதவித்தொகை 1959-ல் முடிவானது. ஆனால் எல்லாவற்றையும் கூட்டினாலும் இடங்கள் குறைவுதான். தேசிய வெளிநாட்டு உதவித்தொகையில், பழங்குடியினருக்கான தனித் திட்டம் நீங்கலாக, 2021-22-ல் மொத்த நாட்டுக்கும் 125 இடங்கள்.

கடன் என்ற வழியும் பழையதே. ஜாம்ஷெட்ஜி டாடா 1892-லேயே வெளிநாட்டுப் படிப்புக்குக் கடன் கொடுக்க ஓர் அறக்கட்டளை தொடங்கினார். பின்னாளில் குடியரசுத் தலைவரான கே.ஆர். நாராயணன் 1945-ல் லண்டன் போனது டாடா உதவியில்தான். ஆனால் கடன் என்பது சாதாரணக் குடும்பங்களின் முக்கிய வழியானது 2001-ல் இந்திய வங்கிகள் சங்கம் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தைக் கொண்டுவந்த பிறகுதான். முதலில் வெளிநாட்டுப் படிப்புக்கு 15 லட்சம், பிறகு 20 லட்சம் என்று வரம்பு வைத்தார்கள். பெரிய தொகைக்கு வீடோ நிலமோ அடமானம் வேண்டும்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. 20 லட்சம் கடன், ஆண்டுக்கு 10 சதவீதத் தனிவட்டி என்று வைத்துக்கொள்வோம். முழுப் பணமும் முதல் நாளே வாங்கியாகிவிட்டது. படிப்பு இரண்டு வருடம், அதற்குப் பின் ஒரு வருடத் தவணை விடுமுறை. இந்த மூன்று வருட வட்டி மட்டும் 6 லட்சம். கட்டத் தொடங்கும்போது கடன் 26 லட்சமாக நிற்கும். அதைப் பத்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 34 ஆயிரம் ரூபாய் வேண்டும்.

வெளிநாட்டில் வேலை கிடைத்தால் இது பெரிய தொகையல்ல. படித்தவுடன் ஊர் திரும்பி ஒரு கல்லூரியிலோ ஆய்வுக்கூடத்திலோ சேர்ந்தால்? முதல் சம்பளம் முழுவதும் தவணைக்கே போய்விடலாம்! பரோடா ஒப்பந்தம் "திரும்பி வா" என்று எழுத்தில் சொன்னது. வங்கிக் கடன் "திரும்பி வராதே" என்று எங்கும் சொல்லவில்லை. ஆனால் தவணைத் தொகை அதைத்தான் சொல்கிறது. வெளிநாட்டிலேயே தங்கிவிடுகிற பிள்ளைகளைப் பாசமில்லாதவர்கள் என்று திட்டுவதற்கு முன்னால் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

மறுபடியும் பாப்பு

கடன் வாங்கிப் போகாமல் அரசு உதவித்தொகையில் போன பாப்பு திரும்பி வந்து என்ன செய்தார்? 1954-ல் உத்தரப்பிரதேச மாநில வானாய்வகத்தின் பொறுப்பு. 1960-ல் கொடைக்கானல். அங்கிருந்துகொண்டு இரவு வானத்தை ஆராய நல்ல இடம் தேடி, ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தெடுத்தார். 1968-ல் 38 செ.மீ. தொலைநோக்கியுடன் அங்கே வேலை தொடங்கியது. 1977-ல் யுரேனஸ் கோளின் வளையங்களைப் பதிவுசெய்த இடங்களில் காவலூரும் ஒன்று. இந்தியாவிலேயே உருவாக்கிய 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986-ல் திறக்கப்பட்டபோது அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள். அதைப் பார்க்க அவர் இல்லை. 1982-லேயே காலமாகிவிட்டார்.

ஒரு மாணவனுக்கு ஹைதராபாத் அரசு கொடுத்த உதவித்தொகை, கடைசியில் தமிழ்நாட்டு மலை ஒன்றில் நாட்டின் பெரிய தொலைநோக்கியாக வந்து நின்றது. எந்த வங்கிக் கணக்கிலும் இந்த வரவை எழுத முடியாது.

இன்று ஆடலூரிலிருந்து புறப்படும் மாணவனுக்கு வழிகள் அன்றைவிட அதிகம். மத்திய, மாநில அரசுகளின் உதவித்தொகைகள் இருக்கின்றன. படிப்புக் கட்டணம் வாங்காத ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. கடனும் இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் சேர்க்கைக் கடிதத்தை எல்லோரும் பத்து முறை படிப்பார்கள். பணம் கொடுப்பவரின் பத்திரத்தையும் அதே கவனத்தோடு படிக்க வேண்டும். எங்கே போகலாம் என்பதைச் சேர்க்கைக் கடிதம் சொல்லும். திரும்பி வர முடியுமா என்பது அந்தப் பத்திரத்தில்தான் இருக்கிறது.