வரி தொடாத கணக்கும் இடம் மாறும் உரிமையும்: வடசென்னைத் தொழிலாளர் சேமிப்பு குறித்து ஓர் ஆய்வு

சிறுசேமிப்பைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் வட்டியையும் வரி விலக்கையும் சுற்றியே வருகின்றன. கணக்கை முறிக்காமல் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுபோகும் வசதி எப்படி, எப்போது வந்தது என்பதைத் தனியாக எடுத்துப் பேசுவோர் குறைவு. வடசென்னையின் கொடுங்கையூரை முன்வைத்துப் பார்த்தால் இந்த இரண்டாவது வரலாறுதான் முதன்மையானது என்பது என் வாதம். பெரம்பூர் ஆலைக்கும் துறைமுகத்துக்கும் மணலிக்கும் எண்ணூருக்கும் ஆள் அனுப்பிய பகுதி இது. வேலை மாறும், ஒப்பந்ததாரர் மாறுவார், வாடகை வீடும் மாறும். சேமிப்பு மட்டும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும் என்று விதி சொன்னால், அந்தச் சேமிப்பு பாதியில் முறியும்.

சென்னை, கல்கத்தா, பம்பாய் ஆகிய மூன்று மாகாணத் தலைநகரங்களிலும் அரசுச் சேமிப்பு வங்கிகள் 1833-க்கும் 1835-க்கும் இடையில் தோன்றின. இன்றுவரை சிறுசேமிப்புக்கு அடிப்படையாக நிற்கும் சட்டம் 1873-இல் வந்தது. 1882-இல் அஞ்சலகச் சேமிப்பு வங்கி தொடங்கியது. மாகாணத் தலைநகரங்களின் பழைய வங்கிகளும் 1896-இல் அதனோடு இணைந்தன. பத்தாண்டு கழித்து, 1906 அக்டோபரில், சென்னையின் அர்பத்நாட் நிறுவனம் திவாலாகிப் பலரின் வாழ்நாள் சேமிப்பை விழுங்கியது. அடுத்த ஆண்டு இந்தியன் வங்கி பிறந்ததை வரலாறு நினைவில் வைத்திருக்கிறது. அரசின் பொறுப்பில் இருக்கும் பணம் முங்காது என்ற எண்ணம் அஞ்சலகத்துக்குப் பெரிய பலமாக இருந்தது. ஆனாலும் அந்தக் கணக்கு குறிப்பிட்ட ஓர் அஞ்சலகத்தின் பேரேட்டுக்குள்ளேயே வாழ்ந்தது.

சுதந்திரத்துக்குப் பின் பாதை இரண்டாகப் பிரிந்தது. ஆலைத் தொழிலாளிக்கு 1952-இன் வருங்கால வைப்புநிதிச் சட்டம்; நிறுவனத்தில் வேலை இல்லாதவருக்கும் கதவைத் திறந்துவிட்டது 1968-இன் பொது வருங்கால வைப்புநிதி, அதாவது மக்கள் சொல்லும் பி.பி.எஃப். போடும்போது வரிக்கழிவு, வளரும் வட்டிக்கு வரி இல்லை, முதிர்வில் எடுக்கும்போதும் வரி இல்லை. பதினைந்து ஆண்டுக் கட்டுப்பாடு அதற்கான விலை. நீதிமன்ற ஆணையாலும் கடனுக்காக ஜப்தி செய்ய முடியாத கணக்கு என்பது வரிச்சலுகைக்குச் சற்றும் குறையாத பாதுகாப்பு. வட்டிக்காரர் வாசலில் நிற்கும் குடும்பங்களில் இதன் மதிப்பு தெரியும். 1968-இல் 4.8 விழுக்காடாக இருந்த வட்டி, 1986 முதல் 2000 தொடக்கம் வரை 12 விழுக்காடாக நின்றது. பக்கிங்காம் கர்நாடிக் ஆலை, அதாவது பின்னி மில், 1996-இல் மூடப்பட்டது இந்த உச்சத்தின் நடுவில்தான். அந்த 12 விழுக்காடு வேலை இழந்தவருக்கு எட்டாக்கனி. ஆண்டு உச்சவரம்பு இருப்பதால் இழப்பீட்டை மொத்தமாக அதில் போட வழியில்லை. பதினைந்து ஆண்டு காத்திருக்க வயதும் இல்லை.

வருங்கால வைப்புநிதியில் நடந்ததுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. ஐந்து ஆண்டுத் தொடர் பணி முடிவதற்குள் பி.எஃப். பணத்தை எடுத்தால் பொதுவாக அதற்கு வரி உண்டு. ஆனால் பழைய முதலாளியிடமிருந்து புதிய முதலாளிக்குத் தொகையை மாற்றியிருந்தால் முந்தைய பணிக்காலமும் சேர்த்து எண்ணப்படும். ஆக, வரி விலக்கே இடமாற்றத்தைச் சார்ந்திருந்தது. ஒவ்வொரு நிறுவனத்திலும் தனி எண், தனிக் கணக்கு; மாற்றுவதற்குப் படிவம் 13, அதில் முதலாளியின் கையொப்பம். ஒப்பந்ததாரரைத் தேடிப் பிடிக்க முடியாதவருக்கு, எடுத்துச் செலவழிப்பதே எளிய வழியாகத் தெரிந்தது. தொழிலாளிக்குச் சேமிக்கத் தெரியவில்லை என்று இதைப் படிப்பது அநீதி. 2014-இல் ஒருவருக்கு ஒரே நிரந்தர எண் என்ற முறை வந்த பிறகுதான் நிலை மாறத் தொடங்கியது. 2025 ஜனவரியில் பலவகை மாற்றங்களுக்கு முதலாளியின் ஒப்புதலே தேவையில்லை என்றானது. சட்டம் பிறந்து எழுபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து வந்த மாற்றம் இது.

இங்கிலாந்தில் 1999 ஏப்ரலில் தொடங்கிய வரியில்லாச் சேமிப்புக் கணக்கிலும் இதே தர்க்கம் உண்டு. கூடுதல் வட்டி தரும் வங்கிக்குப் போக விரும்புபவர், பணத்தைத் தானே எடுத்துப் புதிய இடத்தில் போட்டால், பொதுவாக அது அந்த ஆண்டின் வரம்பில் புதுத் தொகையாகக் கணக்காகும். மாற்றல் படிவத்தின் வழியே வங்கிக்கு வங்கி போனால் வரம்பு தேயாது. ஒரு வேறுபாடு முக்கியம்: அங்கே வட்டிக்காக மாறுகிறார்கள். நம் பி.பி.எஃப்.-இல் எங்கே வைத்தாலும் வட்டி ஒன்றே, 2020 ஏப்ரலிலிருந்து 7.1 விழுக்காடு. இங்கே மாறுவது வீடு மாறியதாலோ, கவுண்டரில் நிற்க நேரமில்லாததாலோதான்.

அப்படியானால் எதை எதனோடு ஒப்பிடுவது? 30 விழுக்காடு வரி கட்டுபவருக்கு, வரியில்லாத 7.1 என்பது, மேல்வரியையும் சேர்த்துப் பார்த்தால், வரிக்குட்பட்ட 10.3 விழுக்காட்டுக்குச் சமம். வரியே கட்டத் தேவையில்லாதவருக்கு 7.1 என்பது வெறும் 7.1தான். 2025-இல் தேசிய சேமிப்புப் பத்திரம் 7.7, ஐந்தாண்டு அஞ்சலக வைப்பு 7.5, மூத்த குடிமக்கள் திட்டம் 8.2 விழுக்காடு. புதிய வரிமுறையில் 2025-26 முதல் 12 லட்சம் ரூபாய் வரை வருமானம் உள்ள பெரும்பாலோருக்கு வரி இல்லை. அந்த முறையில் பி.பி.எஃப்.-க்குப் போடும் தொகைக்குக் கழிவும் இல்லை. கொடுங்கையூரின் ஆட்டோ ஓட்டுநருக்கோ தையல் தொழிலாளிக்கோ ‘வரி மிச்சம்’ என்று சொல்லி இதை விற்பது பொருந்தாது. நீண்டகாலக் கட்டுப்பாடும் ஜப்தி இல்லா உறுதியும் வேண்டும் என்பவருக்கு மட்டும் இது சரி.

மகளுக்கானது வேறு கணக்கு. 2015 ஜனவரியில் வந்து, தமிழில் செல்வமகள் என்று பெயர் பெற்ற திட்டம் 8.2 விழுக்காடு தருகிறது, அதற்கும் வரி இல்லை. அதே ஆண்டு தமிழ்நாடு அஞ்சல் வட்டம் ஆண்பிள்ளைகளுக்கென்று பொன்மகன் பொது வைப்புநிதியை அறிமுகப்படுத்தியது. பெயர்தான் புதிது, உள்ளே இருப்பது அதே பி.பி.எஃப். இரண்டு பெயரும் ஒரே தரம் என்று நம்பிப் போட்டவர்கள் இன்று 7.1-க்கும் 8.2-க்கும் உள்ள இடைவெளியைப் பார்க்கிறார்கள்.

பி.பி.எஃப். மாற்றல் நடைமுறை இப்படி: பாஸ்புக்கோடு விண்ணப்பம் கொடுத்தால், பழைய அலுவலகம் கணக்குத் தொடங்கிய படிவம், நியமனம், மாதிரிக் கையொப்பம், பேரேட்டு நகல் ஆகியவற்றோடு இருப்புத் தொகைக்குக் காசோலை அல்லது டி.டி. சேர்த்துப் புதிய அலுவலகத்துக்கு அனுப்பும். கணக்கு தொடர்ச்சியாகவே கருதப்படும். 2013-க்குப் பின் அஞ்சலகங்கள் கணினி வழி மையக் கணக்குமுறைக்கு வந்தன; 2022-இல் நெஃப்ட் வசதியும் வந்தது. அஞ்சலகத்துக்கும் வங்கிக்கும் இடையிலான மாற்றல் மட்டும் இன்னும் காகிதக் கட்டோடு பயணம் செய்கிறது. இந்த அலைச்சலுக்கு அஞ்சி, பழையதை அப்படியே விட்டு வங்கியில் இரண்டாவது பி.பி.எஃப். தொடங்கியவர்கள் உண்டு; ஆனால் ஒருவருக்கு ஒரே கணக்கு என்பது விதி. 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த அரசு வழிகாட்டல்படி இரண்டாவது கணக்கு, ஆண்டு வரம்புக்குள் இருந்தால் முதன்மைக் கணக்கோடு சேர்க்கப்படும். இரண்டுக்கு மேற்பட்ட கணக்குகளுக்கு வட்டியே கிடையாது. தாத்தா பாட்டி தொடங்கிய செல்வமகள் கணக்குகளையும் பெற்றோர் அல்லது சட்டப்படியான காப்பாளர் பெயருக்கு மாற்ற வேண்டும் என்று அதே வழிகாட்டல் சொல்கிறது.

மாற்றும்போது பார்க்க வேண்டியவை இரண்டு. பி.பி.எஃப். வட்டி, மாதத்தின் 5-ஆம் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் இடையிலான குறைந்த இருப்புக்கே கணக்கிடப்படுகிறது. அந்த மாதத் தவணையை 5-ஆம் தேதிக்குள் கட்டிவிட்டு விண்ணப்பிப்பது நல்லது. புதிய பாஸ்புக் கைக்கு வந்ததும், அதில் கணக்குத் தொடங்கிய தேதியாகப் பழைய தேதி இருக்கிறதா என்று அங்கேயே, கவுண்டரை விட்டு நகருமுன், சரிபார்க்க வேண்டும். மாறிய தேதி ஏறியிருந்தால் பதினைந்து ஆண்டு மறுபடி முதலிலிருந்து ஓடும்.