எட்டுப் பேர் ஓடிய மாரத்தான்

இன்னிக்கு ஒரு மாரத்தானுக்கு எட்டே பேர் பெயர் கொடுத்தால் ரத்து செய்துவிடுவார்கள். 1924 அக்டோபர் 28 அன்று, அப்போதைய செக்கோஸ்லோவாக்கியாவின் கோஷித்சே நகரில், எட்டுப் பேரை வைத்தே நடத்திவிட்டார்கள்! பாரிஸ் ஒலிம்பிக் படம் பார்த்த உள்ளூர்ப் பத்திரிகையாளர் வோய்த்தேக் புகோவ்ஸ்கிக்கு வந்த ஆசை அது. போத்வா ஆற்றோரத் துர்ன்யாவில் புறப்பட்டு கோஷித்சேவில் முடிந்த ஓட்டத்தில் கரோல் ஹல்லா 3:01:35-இல் வென்றார். ஐரோப்பாவில் இன்றும் நடக்கும் மாரத்தான்களில் இதுதான் மூத்தது.

அடுத்த ஆண்டிலிருந்து ஹொர்னாத் ஆற்றுச் சமவெளியில் செனியா கிராமம் வரை போய்த் திரும்பினார்கள். 1960 ரோம் ஒலிம்பிக்கில் வெறுங்காலோடு ஓடி வென்ற அபேபே பிகிலா, மறு வருஷம் இந்தக் கிராமத்துச் சாலையிலும் ஓடி ஜெயித்தார். பின்னாளில் பாதையை நகருக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். பார்வையாளர்களுக்கு வசதிதான், ஆனா ஆற்றுவெளி போச்சே என்பது என் கட்சி. கோஷித்சேவில் நிற்கும் ஓட்டக்காரர் சிலையின் பீடத்தில் ஹல்லா பெயரும் இருக்கிறது, பிகிலா பெயரும் இருக்கிறது.