1918 இன்புளுயன்சா: அகவையா, பிறந்த ஆண்டா?

வழக்கமான இன்புளுயன்சாவில் அகவைவாரியான இறப்பு வீதம் ஆங்கில 'யு' எழுத்தின் வடிவு கொள்ளும். மழலையரும் முதியோருமே மிகுதியாக இறப்பர். 1918ஆம் ஆண்டுக் கொள்ளைநோயில் அவ்வளைவின் நடுவே மூன்றாவது முகடு எழுந்து 'டபிள்யூ' வடிவாயிற்று. இறந்தோருள் ஏறத்தாழப் பாதிப்பேர் 20 முதல் 40 அகவையினர் என மதிப்பிடுவர்.

இளையோரின் வலிய நோயெதிர்ப்பாற்றலே அளவிறந்து எழுந்து நுரையீரலைச் சிதைத்தது என்பது பரவலான விளக்கம். வலிமையே எமனாயிற்று என்னும் முரண் கேட்போரைக் கவர்வது. சான்றோ அந்த அளவுக்கு வலுவானதன்று. பாதுகாக்கப்பட்ட நுரையீரல் திசுக்களை மறு ஆய்வு செய்த மோரன்ஸ், டாபன்பெர்கர், பௌச்சி ஆகியோர் (2008) பெரும்பாலான இறப்புகளில் பாக்டீரிய நிமோனியா உடனிருந்தமையைக் காட்டினர். மேலும், உடல்வலிமைதான் காரணமெனில், 15 அகவையினர் ஏன் பெரிதும் தப்பினர்?

காக்னனும் உடன் ஆய்வாளரும் (2013) வட அமெரிக்கத் தரவுகளில் இறப்பின் உச்சத்தை 28ஆம் அகவையில் கண்டனர். அவ்வகவையினர் பிறந்த காலம் 'உருசியக் காய்ச்சல்' உலகைச் சுற்றிய 1889-90. குழந்தைப் பருவத்தில் வேறுவகை வைரசை முதலில் எதிர்கொண்ட உடல், 1918இன் வைரசுக்குப் பொருந்தா எதிர்ப்பைக் காட்டியிருக்கலாம். முந்திப் பிறந்தோர் 1918இன் வைரசை ஒத்த ஒன்றை இளமையிலேயே கண்டிருக்கலாம் என்பது கருதுகோள். 1889இன் நோய்க்காரணி எது என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. எனினும் 2009இல் பரவிய எச்1என்1 வைரசுக்கு எதிரான எதிர்ப்புப் பொருள் முதியோர் பலரிடம் முன்னரே இருந்தமை இக்கருத்துக்கு அரண் செய்கிறது. கோவிட்-19இல் அகவை ஏற ஏற இறப்பு இடர் செங்குத்தாக உயர்ந்தது. தடுப்பூசியில் முதியோர்க்கு முன்னுரிமை தந்தது அதற்குப் பொருந்தியது. 1918இல் அதே வரிசை பெருமளவு பிழைத்திருக்கும்.

இந்தியாவில் இறந்தோர் தொகை 1.2 கோடி முதல் 1.8 கோடி வரை மதிப்பிடப்படுகிறது. இங்கும் இளையோரே மிகுதியாக மாண்டனர். ஆண்களினும் பெண்கள் கூடுதலாக இறந்தனர் என்பது தனித்து நோக்கத்தக்கது. ஆனால் 28ஆம் அகவை உச்சத்தை இந்தியக் குடிமதிப்பைக் கொண்டு சோதித்தல் அரிது. மக்கள் தம் அகவையை 25, 30 என முழுமையாக்கிக் கூறியதால், இடைப்பட்ட எண்கள் நம்பத்தக்கனவாக இல்லை. திருச்சபைகளின் திருமுழுக்குப் பதிவேடுகளையும் அடக்கப் பதிவேடுகளையும் பெயர்வாரியாக இணைத்தால் இறந்தோரின் பிறந்த ஆண்டு துலங்கும். 1890ஐ ஒட்டிப் பிறந்தோர் தமிழகத்திலும் மிகுதியாக மாண்டனரா என்பதை அப்பதிவேடுகளைக் கொண்டே சோதிக்க இயலும்.