திக்கியவர்கள் தொடங்கிய தொழில்

1920களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில், எலும்பு முறியாமலேயே வலது கையில் மாவுக்கட்டோடு நடமாடிய இளைஞர்கள் இருந்தார்கள். அவர்கள் திக்கிப் பேசுபவர்கள். மூளையின் இரு பாதிகளில் எதுவும் மற்றதைவிட மேலோங்காததுதான் திக்கலுக்குக் காரணம், இடது கைப் பழக்கத்தைக் கொண்டுவந்தால் பேச்சு சீராகும் என்று அங்கிருந்த ஆய்வாளர் லீ எட்வர்ட் டிராவிஸ் நம்பினார்.

கான்சாஸ் கிராமத்திலிருந்து 1926இல் வந்து சேர்ந்த வெண்டல் ஜான்சனும் கட்டுப் போட்டுக்கொண்டார். திக்கல் போகவில்லை. ஆனால் அவர் ஊர் திரும்பவில்லை. திக்கல் ஏன் போகவில்லை என்று ஆராய்வதையே வாழ்நாள் வேலையாக்கிக்கொண்டார். பேச்சு சிகிச்சை ஒரு தொழிலாக உருவெடுத்த கதையில் இது முக்கியமான திருப்பம். அமெரிக்காவில் இத்துறைக்கான அமைப்பு தொடங்கியதே 1925இல்தான். அப்போது முன்னே வந்து நின்றவர்களில் பலருக்கு இது புத்தகத்தில் படித்த நோய் அல்ல, சொந்தத் தொண்டையில் அறிந்த வேதனை.

அந்த வேதனை ஒருவரைத் தவறே செய்யாதவராக ஆக்கிவிடாது. குழந்தையின் இயல்பான தடுமாற்றத்துக்குப் பெரியவர்கள் 'திக்கல்' என்று பெயர் சூட்டுவதால்தான் அது திக்கலாகிறது என்ற எண்ணம் ஜான்சனுக்கு வலுப்பட்டது. 1939இல் அவர் மேற்பார்வையில் ஒரு மாணவி, டேவன்போர்ட் அனாதை இல்லத்தின் 22 குழந்தைகளிடம் ஆய்வு நடத்தினார். நன்றாகப் பேசிய சில குழந்தைகளிடம் "உனக்குத் திக்குகிறது" என்று சொல்லப்பட்டது. அவர்களில் சிலர் வாயைத் திறக்கவே தயங்கினார்கள். கேட்க நாதியில்லாத பிள்ளைகள் என்பதால்தானே அவர்களிடம் இது நடந்தது! பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது 2001இல். அயோவா மாநிலம் 2007இல் 9,25,000 டாலர் இழப்பீட்டுக்கு ஒப்புக்கொண்டது.

அதே அயோவாவில் படித்த இன்னொருவர் சார்லஸ் வான் ரைப்பர். 1905இல் மிச்சிகனில் பிறந்தவர். திக்கல் முற்றி எந்த வேலையிலும் நிலைக்க முடியாமல், காது கேளாத ஊமையாக நடித்துப் பண்ணைக் கூலியாக இருந்தார். அதையும் விட்டுக் கிளம்பிய வழியில் ஒரு முதியவரைச் சந்தித்தார். அவருக்கும் திக்கல்தான், ஆனால் முகம் கோணவில்லை, மூச்சு முட்டவில்லை. வயதாகிவிட்டது, அதோடு மல்லுக்கட்டத் தெம்பில்லை, அதன் போக்கில் விட்டுவிட்டேன் என்றாராம் அவர்.

வான் ரைப்பருக்குப் பிடி கிடைத்தது அங்கேதான். திக்காமல் இருக்க முயலாதே, இலகுவாகத் திக்கு. 1936இல் கலாமசூவில் சிகிச்சை மையம் தொடங்கி இதை முறையாக வகுத்தார். 'பள்ளிக்கூடம்' என்ற சொல்லில் ஒருவர் 'ப'விலேயே சிக்கினால், சொல்லை எப்படியாவது முடிக்க வேண்டும். சில நொடி நிறுத்த வேண்டும். உதடு எங்கே இறுகியது என்று உணர்ந்து, அதே சொல்லை நிதானமாக மறுபடி சொல்ல வேண்டும். இது கைவந்ததும், சிக்கும் நேரத்திலேயே இறுக்கத்தைத் தளர்த்தப் பழகுவார். கடைசியில், சொல்லைத் தொடங்கும் முன்பே உதட்டைத் தளர்வாக வைத்துக்கொள்ளத் தெரிந்துவிடும்.

திக்கலுக்கு மரபணுவும் மூளையின் நரம்பு இணைப்புகளும் காரணம் என்பதே இன்றைய ஆய்வுகளின் போக்கு. மாவுக்கட்டு வழக்கொழிந்துவிட்டது. வான் ரைப்பரின் மூன்று படிகள் மட்டும் இன்றும் பேச்சு சிகிச்சை மாணவர்களுக்குக் கற்பிக்கப்படுகின்றன. 1994இல் 88 வயதில் இறந்த அவருக்குத் திக்கல் முழுதாக நீங்கியதே இல்லை.