மடிய மறுக்கும் கலங்கள்: ஒரு மருந்தின் வரலாறு

புற்றுநோயைக் கலங்களின் கட்டற்ற பெருக்கமாக மட்டுமே நோக்கும் மரபு நெடுங்காலம் நிலவியது. அந்நோக்கு முழுமையற்றது என்பதை 1988இல் மெல்பேர்ண் நகரின் வோல்ரர் அன்ட் எலைசா ஹோல் நிறுவனத்தில் டேவிட் வோக்ஸ், சுசான் கோரி, ஜெரி அடம்ஸ் ஆகியோர் நிகழ்த்திய ஆய்வு புலப்படுத்தியது. நிணநீர்ப் புற்றுநோயொன்றில் முன்னரே இனங்காணப்பட்ட பி.சி.எல்-2 மரபணுவை அவர்கள் கலங்களுட் செலுத்தினர். வளர்ச்சிக் காரணி நீக்கப்பட்டபோது அக்கலங்கள் பெருகவில்லை, ஆயின் மடியவுமில்லை. பழுதுற்ற கலம் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் இயல்பை இம்மரபணுவின் புரதம் தடுக்கின்றது என்பது இதன்வழித் தெளிவாயிற்று.

அப்புரதத்தை முடக்கும் மருந்து எளிதிற் கைகூடவில்லை. அபொட் நிறுவன ஆய்வாளர் உருவாக்கிய நவிற்றோகிளாக்ஸ், குருதிச் சிறுதட்டுக்களைக் காக்கும் இனப் புரதமொன்றையும் தாக்கியமையால் அவற்றின் எண்ணிக்கை வீழ்ந்தது. பி.சி.எல்-2ஐ மட்டும் குறிவைக்கும் வெனிற்றோகிளாக்ஸ் 2013இல் அறிவிக்கப்பட்டு, 2016இல் நாட்பட்ட குருதிப் புற்றுநோயொன்றுக்கென ஐக்கிய அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

கண்டுபிடிப்புக்கும் மருந்துக்கும் இடைப்பட்ட காலம் 28 ஆண்டுகள். உடனடிப் பயனையே அளவுகோலாகக் கொள்ளும் சமூகம் இத்தகைய ஆய்வைத் தாங்கியிருக்குமா என நாம் வினவவேண்டியுள்ளது. இம்மருந்தைப் பெருநிறுவனங்களின் வெற்றியாக மட்டும் எழுதுதல் அரையுண்மையே. அதன் விலையை நிர்ணயிப்போர், இலாபநோக்கற்ற ஆய்வுகூடங்களின் நீண்ட உழைப்பையும் கணக்கிற் கொள்ளவேண்டுமென்பதே நாம் இவ்வரலாற்றினின்றும் பெறும் முடிபு.